நல்ல நோயாளி ஆவது எப்படி?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாசகர்களுக்கு ஒரு செயல்முறை விளக்கம்

பம்பாயில் பிழைப்பது எப்படி என்று சொல்லித்தர ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். லோக்கலில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்க முடியும், வீட்டுக்காரரிடம் டெபாசிட்டை எப்படிக் குறைப்பது, தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எல்லாவற்றுக்கும் ஓர் அண்ணாச்சி உண்டு. உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் முறையான பாடம் இல்லை.

ஆஸ்பத்திரியே இல்லாத ஊர் என்றால் பாடம் தேவையில்லை. ஆனால் தாராவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1947-ல் ராணுவக் கொட்டகையில் 10 படுக்கைகளோடு தொடங்கி, இன்று ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு நிற்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை அது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் தொடங்கியது அங்கேதான். நோயாளியாகப் பதியும் சீட்டான கேஸ் பேப்பரின் விலை 10 ரூபாய். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மலிவாக, இவ்வளவு கெட்டிக்கார டாக்டர்களோடு ஓர் ஆஸ்பத்திரி இருந்தும் ஒருவருக்கு வைத்தியம் கிடைக்கவில்லை என்றால் யார்மேல் குற்றம்? நோயாளிமேல்தான். அவருக்கு நோயாளியாக இருக்கத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த விளக்கம்.

தேவையான பொருட்கள்

• 10 ரூபாய், சில்லறையாக.
• ஆதார், ரேஷன் கார்டு, இரண்டுக்கும் ஐந்தைந்து ஜெராக்ஸ். இரண்டிலும் உங்கள் பெயரும் அப்பா பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருப்பது விரும்பத்தக்கது. இதுவரை யாருக்கும் அப்படி அமைந்ததில்லை.
• ஓடிபி வரக்கூடிய போன், சார்ஜோடு.
• பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் திணித்த ஒரு பிளாஸ்டிக் பை.
• மராத்தி வாசிக்கத் தெரிந்த, மாடிப்படி ஏறி இறங்கச் சளைக்காத ஓர் உறவினர்.
• மூன்று நாள் கூலியை விட்டுக்கொடுக்கும் வசதி.
• நல்ல உடல்நலம்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மற்றவற்றை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

படி 1: நோய்க்கு நேரம் குறியுங்கள்

ஓபிடியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், பெயர் பதிவது காலையில். வெயில் ஏறுவதற்குள் ஜன்னலை மூடிவிடுவார்கள். அதனால் உங்கள் தலைச்சுற்றலையும் குறுக்குவலியையும் காலை எட்டுமணி வாக்கில் வரும்படி பழக்கிக்கொள்ளுங்கள். சிறப்பு டாக்டர்களுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான். நரம்புக்காரர் வியாழன் என்றால் உங்கள் நரம்பு வியாழன்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாராவியில் இட்லி வியாபாரம் பார்க்கும் நம் ஆட்களுக்கு இதில் ஒரு சின்னச் சிக்கல். ராத்திரி மாவாட்டி, கருக்கலில் அவித்து, தூக்கிக்கொண்டு நகரமெங்கும் நடந்து விற்கும் நேரமும் ஓபிடி நேரமும் ஒன்றே. இட்லி விற்றால் டாக்டரைப் பார்க்க முடியாது. டாக்டரைப் பார்த்தால் அன்றைய அவியல் மொத்தமும் வீண். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும், மாட்டுங்காவில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் இதே கதைதான். முதல் நாள் டாக்டரைப் பார்க்க, இரண்டாம் நாள் ரத்தம் கொடுக்க, மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைக் காட்ட. துணைக்கு வந்தவருக்கும் அதே மூன்று நாள். பத்து ரூபாய் வைத்தியத்துக்கு ஆறு நாள் கூலி.

மாலையில் நோய்வாய்ப்படும் வழக்கமுள்ளவர்களை மாநகராட்சி மறந்துவிடவில்லை. 2022 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ‘ஆப்லா தவாகானா’ (நம் மருந்தகம்) கிளினிக்குகள் காலை 7 முதல் 2 வரை, பிறகு 3 முதல் இரவு 10 வரை திறந்திருக்கின்றன. 147 வகைப் பரிசோதனைகள் இலவசம். இது கேலி இல்லை, நல்ல காரியம். பக்கத்தில் இருந்தால் போங்கள். சளி, காய்ச்சலோடு நிறுத்திக்கொண்டால் வேலை முடிந்தது. அதைத் தாண்டிய நோயை வைத்துக்கொண்டு போனால் ஒரு சீட்டு கிடைக்கும்: சயானுக்குப் போகவும். எப்போது? காலையில்.

படி 2: முடிந்தவரை தரைத்தளத்தில் மயங்கி விழுங்கள்

108 ஆம்புலன்ஸ் மகாராஷ்டிரத்தில் 2014-லிருந்து ஓடுகிறது. அழைத்தால் வருகிறது. தொண்ணூறு அடி சாலைவரை வருகிறது, அறுபது அடி சாலைவரை வருகிறது. உங்கள் வீடு இருப்பது நான்கடிச் சந்தில், இரும்பு ஏணிக்கு மேலே இரண்டாவது மாடியில். நோயாளியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவராக இறக்குவதில் நம் பையன்களுக்கு நல்ல தேர்ச்சி இருக்கிறது. 2017-ல் பைக் ஆம்புலன்ஸ் 10 விட்டார்கள், மும்பை முழுவதற்கும் சேர்த்து. அதில் டாக்டர் வரலாம். நீங்கள் போக முடியாது.

சாலைக்கு வந்தாயிற்று. இனி ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கும் தாராவியிலிருந்து கிழக்கே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்குப் பிரிட்டிஷ்காரன் 1912-ல் கட்டிய சயான் பாலம் இருந்தது. 112 வயதில் அதற்கு உடம்பு முடியாமல் போகவே, 2024 ஆகஸ்ட் 1-ல் மூடி இடிக்க எடுத்துக்கொண்டார்கள். வண்டிகளெல்லாம் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த மற்றச் சாலைகளில் போய்ச் சேர்ந்துகொண்டன. பாலத்தின் முதுமையைக் கவனிக்க நிபுணர் குழு வந்து பார்த்தது. அதன் கேஸ் பேப்பரை யார் எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் நமக்கும் உதவும்.

படி 3: மராத்தியிலோ இந்தியிலோ வலிக்கப் பழகுங்கள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த காலத்திலிருந்து தாராவியில் தமிழர்கள் இருக்கிறார்கள், தலைமுறைகள் கடந்துவிட்டன. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. அதாவது உங்கள் பேரனுக்கு வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்லித்தர அதனிடம் ஆள் இருக்கிறது. உங்கள் வயிற்றுவலியைத் தமிழில் கேட்கத்தான் ஆள் இல்லை.

தமிழ்ப் பாட்டி ஒருத்தி டாக்டரிடம் சொல்ல நினைப்பது: “நெஞ்சு கரிக்கி, படபடன்னு வருது, கையும் காலும் ஓஞ்சு போகுது, குறுக்கு விட்டுப் போவுது, ராத்திரியில மேலெல்லாம் எரியுது.” துணைக்கு வந்த பதினோராம் வகுப்புப் பேத்தி அதை இந்தியில் மொழிபெயர்ப்பது: “பூரா பதன் மே தர்த் ஹை” (உடம்பெல்லாம் வலிக்கிறது). டாக்டர் எழுதுவது: வலி மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. இதில் பேத்தியைக் குறை சொல்ல முடியாது. மாதவிடாய், வெள்ளைப்படுதல், மூலம் என்று பாட்டி ஆரம்பித்திருந்தால் அவள் இதையும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆகவே நல்ல நோயாளி தன் நோயைப் பேத்தி வாயில் நுழையும் அளவுக்குச் சுருக்கிக்கொள்வார். பேத்திக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகவும் பார்த்துக்கொள்வார்.

படி 4: கட்டடத்துக்குள் நடந்துகொள்ளும் முறை

உள்ளே போனதும் யாரிடமாவது வழி கேட்க வேண்டும். வாட்ச்மேன் கையைக் காட்டுவார். கை காட்டிய திசையில் போய் அடுத்தவரிடம் கேளுங்கள். பெண் உதவியாளரை ‘மாவுசி’ என்றும் ஆண் உதவியாளரை ‘மாமா’ என்றும் கூப்பிட வேண்டும். உறவு சொல்லிக் கூப்பிட்டால் ஸ்ட்ரெச்சர் கிடைக்கும். அதைத் தள்ளுவது உண்மையான உறவினரின் வேலை. ரத்தக் குழாயை லேபுக்குக் கொண்டுபோவது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது, மருந்துக் கடைக்கு ஓடுவது எல்லாம் அவரே. உறவினர் இல்லாமல் தனியாக நோய்வாய்ப்படுவதை மாநகராட்சி ஊக்குவிப்பதில்லை.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் உங்களுக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது. கோபப்படாதீர்கள். எதிரே இருக்கும் இளம் ரெசிடென்ட் டாக்டர் நேற்றுக் காலையில் வேலைக்கு வந்தவராக இருக்கலாம். குர்லா, கோவண்டி, செம்பூர், தாராவி என்று பாதி நகரத்தின் நோயும், இரண்டு நெடுஞ்சாலைகளின் விபத்துகளும் அவர் மேசைக்குத்தான் வருகின்றன. அந்த அறையில் இருக்கும் இரண்டு நோயாளிகளில் ஒருவரிடம்தான் கேஸ் பேப்பர் இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

எம்ஆர்ஐ எழுதினால் தேதி கொடுப்பார்கள். தேதியைக் காலண்டரில் தேடும்போது இந்த மாதத் தாளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவசரம் என்றால் வெளியே எடுத்துக்கொள்ளலாம், காசு கொடுத்து. மருந்துக்கும் அப்படியே: பாதி உள்ளே, மீதிக்கு வெளியே வாங்கச் சொல்லி ஒரு சீட்டு. இந்த வெளிச்சீட்டை ஒழிக்கத்தான் ‘ஜீரோ பிரிஸ்கிரிப்ஷன்’ என்ற கொள்கையை 2024-ஐ ஒட்டி அறிவித்தார்கள். ஆண்டுக்கு 74,000 கோடி ரூபாய்க்கு மேல் பட்ஜெட் போடும் மாநகராட்சி. சுகாதாரத்துக்கு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அறிவிப்பு வந்துவிட்டதால் இனி உங்கள் கையில் வெளிச்சீட்டு இருந்தால் அது இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மருந்துக் கடைக்குப் போகும்போது மறக்காமல் கொண்டுபோங்கள்.

படி 5: சரியான நிறத்தில் ஏழையாக இருங்கள்

பெரிய ஆபரேஷன் என்றால் அரசுக் காப்பீடு இருக்கிறது. 2012-ல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கி, 2017-ல் மகாத்மா ஜோதிராவ் புலே பெயருக்கு மாறிய திட்டம். நெடுங்காலம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை கொடுத்தது. யாருக்கு? மஞ்சள் ரேஷன் கார்டும் ஆரஞ்சு ரேஷன் கார்டும் வைத்திருந்தவர்களுக்கு.

மஞ்சள் கார்டுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 15,000 ரூபாய். நாளொன்றுக்கு 42 ரூபாய்கூட வராது. ஒரு குடும்பம் மும்பையில் அந்தக் காசில் உயிரோடு இருந்தால் அதற்குக் காப்பீடு தேவையில்லை, கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். ஆரஞ்சுக்கு ஒரு லட்சம்வரை, அதாவது மாதம் 8,333 ரூபாய். அதைவிட ஒரு ரூபாய் கூடினால் வெள்ளைக் கார்டு, நீங்கள் வசதிக்காரர். மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் வாட்ச்மேனும், மலபார் ஹில்லில் கடலைப் பார்த்தபடி காபி குடிப்பவரும் ஒரே நிறம். இந்தச் சமத்துவத்தை நினைத்து ஆறுதல் அடையலாம். 2023-ல் திட்டத்தை எல்லோருக்கும் விரித்து, வரம்பை ஐந்து லட்சமாக உயர்த்த முடிவெடுத்தார்கள். நிறப் பிரச்சினை தீர்ந்தது. கார்டு பிரச்சினை தீரவில்லை.

ஏனென்றால் உங்கள் கார்டு ஊரில் இருக்கிறது. அம்மா பெயர் வள்ளியூர் கார்டில், உங்கள் பெயர் மாமனார் கார்டில், நீங்கள் படுத்திருப்பது தாராவியில் ஒப்பந்தச் சீட்டே இல்லாத வாடகை மாடியில். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள்; அதைச் சயான் கவுண்டரில் நீட்டினால் படத்தை ரசித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஆகவே மாரடைப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே முகவரிச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொரு கதவும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பொது அறக்கட்டளைச் சட்டத்தில் 41ஏஏ என்று ஒரு பிரிவு. அதன்படி உயர்நீதிமன்றம் 2006-ல் வகுத்த திட்டத்தில், அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். பில் தொகையில் 2 சதவீதத்தை ஏழை நோயாளி நிதியாக எடுத்துவைக்க வேண்டும். மும்பையின் பளபளப்பான பெயர்கள் பலவும் அறக்கட்டளைகளே. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய், வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் இங்கிலீஷில், “நான் ஏழை, 41ஏஏ” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் ஏழையாக இருப்பதில்லை. எனவே சமூகப் பணியாளரின் அறை எங்கே என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் வெட்டி வைத்துக்கொள்ளத் தக்க வரி அதுதான்.

படி 6: சந்து டாக்டரை மதியுங்கள்

இவ்வளவும் படித்துவிட்டு, “எதுக்கு அண்ணாச்சி வம்பு?” என்று சந்து முனை டாக்டரிடம் போவீர்கள் என்பது தெரியும். அவர் இரவு பதினொன்று வரை இருப்பார். ‘மேல் வலி’ என்றால் அவருக்கு விளங்கும். ஒரு ஊசி, காகிதத்தில் மடித்த மூன்று வேளை மாத்திரை, காசு இல்லாவிட்டால் நாளைக்கு. சீட்டு எழுதித்தர மாட்டார். எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

1991-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காசநோய்க்கு என்ன கொடுப்பீர்கள் என்று தாராவியின் 100 தனியார் டாக்டர்களைக் கேட்டார்கள். 80 விதமான மருந்துமுறைகள் வந்தன. இருபது வருடம் கழித்து, மாகிம் இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் அதே கேள்வியைத் தாராவியில் மறுபடி கேட்டு 2010-ல் வெளியிட்டார்கள். 106 டாக்டர்கள், 63 மருந்துமுறைகள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். 80 என்பது 63 ஆகியிருக்கிறது. முன்னேற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தவறான மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறொரு தவறான மருந்தைத் தொடங்கினால் கிருமிக்கு மருந்து பழகிவிடும். எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் என்று அதே உத்வாடியா நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதி உலகமே திரும்பிப் பார்த்தது அடுத்த ஓரிரு ஆண்டுகளில்தான்.

சந்து டாக்டர் வில்லன் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி கொடுக்காத மூன்றை அவர் கொடுக்கிறார்: நேரம், பேச்சு, கடன். சரியான மருந்து அவரிடம் இல்லை. அது இருக்கும் இடத்தில் இந்த மூன்றும் இல்லை.

படி 7: பெண்களுக்கு

வரிசையில் கடைசியாக நில்லுங்கள். முதலில் குழந்தையின் காய்ச்சல், அடுத்து வீட்டுக்காரரின் முதுகுவலி, பிறகு மாமியாரின் கண். உங்கள் முறை வரும்போது ரத்தசோகை முற்றியிருக்கும், டாக்டர், “ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?” என்று அதட்டுவார். தலைகுனிந்து நிற்கவும். இந்தக் கேள்விக்கு இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட விடை அது ஒன்றுதான்.

தனிக் குறிப்பு: மாட்டுங்கா, செம்பூர் வாசகர்களுக்கு

நமக்கென்ன, மெடிக்ளெய்ம் இருக்கிறது என்று இதுவரை புன்னகைத்துக்கொண்டிருந்த கிங்ஸ் சர்க்கிள் மாமாவுக்கும் செட்டா நகர் மாமிக்கும் ஒரு வார்த்தை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாக பாலிசி வாங்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வழிவிட்டது. பிரீமியத்தைக் கேட்டதும் வரும் படபடப்பு ஏற்கெனவே இருந்த நோயாகக் கருதப்படும்; அதற்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம்வரை இருக்கலாம். டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொன்னபின் மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும் என்றும் ஆணையம் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில் சான்ஹோசேயில் இருக்கும் பிள்ளையை எழுப்பிக் கார்டு நம்பர் கேட்டுவைத்துக்கொள்வது மரபு. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி உங்களுக்கும் மூன்றாவது மாடிதான். பிளாஸ்டிக் நாற்காலிக் கலையைக் கற்றுத்தரத் தாராவிப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள்.

கடைசிப் படி: நோயைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த நோய் என்பது. சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம் எல்லாம் சுயநல நோய்கள். உங்களோடு வந்து உங்களோடு போகும். அடுத்த வீட்டுக்காரனுக்கே தெரியாது. காசநோய் பரவும். ஆனால் சோம்பேறி. நெரிசலான அறையில் வருடக்கணக்கில் மெல்லப் பரவுமே தவிர, மாடி ஏறி, ஏசி அறைக்குள் நுழைந்து யாரையும் பயமுறுத்தாது. அதற்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுப் பணம் 2018-ல் வந்தது, 2024-ல் 1,000 ஆயிற்று. அந்த வேகத்துக்கு இந்த வேகம் சரிதான்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி. இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் இடத்தில் லட்சக்கணக்கானவர்கள், பலருக்குப் பொதுக் கழிப்பறை. நகரமே நடுங்கியது. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். மாநகராட்சி வைரஸைத் துரத்துவோம் என்று கிளம்பியது. காய்ச்சல் முகாம் சந்துக்குள் வந்தது. படி 6-ல் நாம் கேலி செய்த சந்து டாக்டர்கள் கவச உடை போட்டுக்கொண்டு வீடுவீடாக ஏறினார்கள். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். தனியார் ஆஸ்பத்திரியை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. ஓபிடி நேரம் எது, உன் ரேஷன் கார்டு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு யாரும் ஏணி ஏறவில்லை. அந்த ஜூலை 10-ல் உலக சுகாதார நிறுவனத் தலைவர் நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்ததற்கு உதாரணமாக இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு சேர்த்துத் தாராவியின் பெயரையும் சொன்னார்.

அதே சந்து, அதே ஏணி, அதே மொழி, அதே மாநகராட்சி. இந்த விளக்கத்தில் படிப்படியாக எழுதிய தடைகளில் பெரும்பாலானவை மூன்று மாதத்தில் எங்கே போயின? போகவே இல்லை, சற்று நகர்ந்து நின்றன. நம் நோய் மேல்மாடிக் கட்டடங்களுக்கு ஏறிவிடும் என்ற பயம் இருந்தவரை நகர்ந்து நின்றன. பயம் தீர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

எனவே வாசகர்களே, அடுத்தமுறை நோய்வாய்ப்படும்போது வேகமாகப் பரவுவதாக, நகரத்தின் நல்ல பகுதிகளுக்கும் போகக்கூடியதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வைத்தியம் வீடு தேடி வரும். அப்படிப்பட்ட நோய் கிடைக்காதவர்கள் மேலே சொன்ன ஏழு படிகளையும் கடைப்பிடிக்கவும். வீடு தேடி வர முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகும், முடியாது என்று தினமும் காலையில் நடித்தாக வேண்டியிருக்கிறது. அதில் நமக்குக் கொடுத்திருக்கும் வேடம் வரிசையில் நிற்பது.